கடை வேறு, கடைக்காரர் வேறு



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் நம் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "மார்க் குறைஞ்சிடுச்சு, காமர்ஸ் குரூப்ல சேர்த்துடலாம்." பிள்ளையின் காதுபடவே சொல்கிறோம். ஏதோ தோற்றுவிட்டோம் என்ற எண்ணத்தோடுதான் அது பதினோராம் வகுப்புக்குள் நுழைகிறது. இது எனக்குப் பெரிய வருத்தம்.

அந்த வகுப்பில் முதல் சில வாரங்களிலேயே கணக்குப்பதிவியல் ஒன்றைச் சொல்லித்தருகிறது: கடை வேறு, கடைக்காரர் வேறு. முதலாளி கடையில் சொந்தப் பணம் போட்டால், கடை அவருக்குக் கடன்பட்டது என்று பொருள்.

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் வீட்டுக்கு இரண்டு கிலோ சர்க்கரை கட்டிக்கொண்டு போகிறார். அதை விற்பனை என்று எழுதக் கூடாது. எடுப்புகள் கணக்கில் பற்று, கொள்முதல் கணக்கில் வரவு. அதுவும் விற்கும் விலைக்கல்ல, வாங்கிய விலைக்கு. ஆனால் எத்தனை கடைகளில் இதை எழுதுகிறார்கள்? சர்க்கரை, பருப்பு, பிள்ளையின் பஸ் காசு, கல்யாண மொய் எல்லாம் கல்லாவிலிருந்தே போகின்றன. வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது, ஆனால் தீபாவளிக்குச் சரக்குப் போடப் பணமில்லை. கடை நஷ்டத்தில் ஓடுகிறதா, குடும்பம் கூடுதலாக எடுக்கிறதா என்று அவருக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் வழியை நாம் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கற்றுத்தருகிறோம். இது எப்படி மட்டமான படிப்பாகும்?

இப்படி ஒவ்வொன்றையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை லூகா பசியோலி என்ற துறவி தம் கணித நூலில் விளக்கி எழுதினார். 1494-இல் அது வெனிஸ் நகரில் அச்சானது. அவர் எழுதியது அங்கே வியாபாரிகள் ஏற்கெனவே கையாண்ட முறையைத்தான். நம் பக்கத்திலும் நகரத்தார் வீட்டுப் பையன்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கடையிலேயே இருந்து, பேரேடு எழுதித்தான் தொழில் படித்தார்கள்.

இன்றைய வகுப்பில் அந்தக் கடைதான் இல்லை. "உள்வருவதைப் பற்று வை, வெளிச்செல்வதை வரவு வை" என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். எல்லாக் கணக்குகளின் பற்றையும் வரவையும் கூட்டிச் சரிபார்க்கும் இருப்பாய்வின் இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் கணக்கு சரி என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு கிலோ சர்க்கரையை எழுதாமலே விட்டிருந்தாலும் இருப்பாய்வு ஒத்துத்தான் போகும்! ஒரு பதிவை அடியோடு விட்டுவிட்டால் பற்றிலும் குறையும், வரவிலும் குறையும். தவறு வெளியே தெரியாது. புத்தகத்தில் இதற்கு 'முழு விடு பிழை' என்று பெயர் இருக்கிறது. பெயரை எழுதினால் மார்க் கிடைக்கும். பிழையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

ஆசிரியர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்குப் பக்கத்திலுள்ள ஒரு கடைக்காரரிடம் பேசி, ஒரு மாதத்துப் பில்களையும் கணக்கு நோட்டையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளே குறிப்பேட்டில் பதியட்டும், பேரேட்டில் ஏற்றட்டும், எதெல்லாம் விட்டுப்போயிருக்கிறது என்று தேடட்டும். அந்தக் கடைக்காரரும் ஒரு நாள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது.