பல்லை நகர்த்தும் மென்விசை

வரிசை தப்பிய பற்களுக்குக் கம்பி கட்டிய பிள்ளையின் பெற்றோர், “இன்னும் இறுக்கிவிட்டால் விரைவிற் கழற்றலாமே” என்று பல் வைத்தியரிடம் கேட்பதுண்டு. கம்பியின் வலிமையே பல்லை நகர்த்துகிறது என்பது அவர்கள் எண்ணம். உண்மையிற் கம்பி தூண்டுகிறது. வேலையைச் செய்து முடிப்பது தாடை என்பே.

பல் என்பில் அறையப்பட்ட ஆணியன்று. வேருக்கும் என்புக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள நார்ப்படலம் உண்டு. கம்பி பல்லைத் தள்ளும்போது படலம் ஒருபுறம் நசுங்குகிறது; மறுபுறம் இழுபடுகிறது. நசுங்கிய புறத்திற் சில கலங்கள் என்பைக் கரைக்கின்றன. இழுபட்ட புறத்தில் வேறு கலங்கள் புதிய என்பைக் கட்டுகின்றன. சுவீடன் நாட்டவரான கார்ல் சான்ட்ஸ்டெட் நாய்களில் நடத்திய ஆய்வுகளால் இதனை 1904, 1905ஆம் ஆண்டுகளில் விளக்கினார்.

மென்விசையிற் பல் மாதமொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் நகரும். விசை அளவு மீறினால் படலத்திற் குருதியோட்டம் தடைப்படும், நகர்வு தாமதிக்கும், வேரும் தேயக்கூடும்.

கம்பியைக் கழற்றியதும் கருமம் முடிந்துவிடாது. புதிய என்பு முதிரவும் முரசின் நார்கள் ஒழுங்குபெறவும் பல மாதங்கள் செல்லும். அக்காலத்திற் பற்களைப் பிடித்துவைக்கும் தகட்டை அணியாவிடின், அவை பழைய இடத்தை நாடித் திரும்பும். ஈராண்டுப் பொறுமையும் வீணாகிவிடும்.