பிராக் நகரத்துப் பதினாறு கண் பாலம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சங்கத் தலைவர் அவர்களே, எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து இன்றும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து எங்களைப் பயமுறுத்திக்கொண்டிருக்கும் பேராசிரியப் பெருமக்களே, என் வகுப்புத் தோழர்களே, பின் வரிசையில் சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று காத்திருக்கும் மாணவச் செல்வங்களே!

தலைவர் என்னை "ஐரோப்பா சுற்றி வந்தவர்" என்று அறிமுகப்படுத்தினார். அவ்வளவு பெரிய ஆளெல்லாம் இல்லீங்க. மகள் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் வேலை பார்க்கிறாள். 2019 மே மாதம் நானும் என் மனைவியும் அவளைப் பார்க்கப் போனோம். அங்கிருந்து இரண்டரை மணி நேர ரயிலில் செக் நாட்டுத் தலைநகர் பிராக். அந்த ஊரில் மூன்று நாள் இருந்தோம். கோட்டை, கடிகாரம், தேவாலயம் எல்லாம் மற்றவர்கள் பார்த்தார்கள். நான் பாலம் பார்த்தேன். நெடுஞ்சாலைத் துறையில் பாலத்தோடேயே காலம் தள்ளியவனை வேறு எங்கே கூட்டிட்டுப் போனாலும் அவன் கண்ணு பாலத்துலதான் போய் நிக்கும்.

சார்லஸ் பாலம் என்று பெயர். வல்டாவா நதியின் குறுக்கே 516 மீட்டர் நீளம், அகலம் 10 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பதினாறு கண். கண்ணுக்குக் கண் அளவு மாறும், 16 மீட்டரில் இருந்து 23 மீட்டர் வரை இருக்கிறது. பாலம் நேராகவும் இல்லை, லேசாக வளைந்து நெளிந்து போகிறது. இன்றைக்கு இப்படி ஒரு வரைபடத்தைக் கொண்டுபோய் மேலதிகாரி மேஜையில் வைத்தால் என்ன நடக்கும் என்று இங்கே இருக்கும் பொறியாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் சார்லஸ் மன்னர் அடிக்கல் நாட்டியது 1357-இல். அதைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். ஜூலை 9-ஆம் தேதி, காலை 5 மணி 31 நிமிடம். ஆண்டு, தேதி, மாதம், மணி, நிமிடம் என்று வரிசையாக எழுதினால் 1-3-5-7-9-7-5-3-1. ஏறி இறங்குகிற ஒற்றைப்படை எண்கள்! நாள் நட்சத்திரம் பார்ப்பது நம்ம ஊரோடு நின்றுவிடவில்லை என்று என் மனைவிக்கு ஏக சந்தோஷம். இது பிற்காலத்தில் கணக்குப் போட்டுச் சொன்னது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

இன்னொரு கதை முட்டைக் கதை. சாந்தில் கலக்க நாடெங்கும் இருந்து முட்டை அனுப்பச் சொன்னாராம் மன்னர். வெல்வரி என்ற ஊர்க்காரர்கள் வழியில் உடைந்துவிடக் கூடாதே என்று வேகவைத்து அனுப்பினார்களாம்! கடுக்காயும் கருப்பட்டியும் போட்டுச் சுண்ணாம்பு அரைத்த பரம்பரை நாம், முட்டையைக் கேட்டு நமக்கு ஆச்சரியம் வராது. ஆனால் என் கட்சி, பெருமை சுண்ணாம்புக்குத்தான் சேர வேண்டும். பிராக் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் தண்ணீருக்குள்ளும் இறுகும் தன்மை உள்ள சுண்ணாம்பு கிடைக்கும்.

எண்ணும் முட்டையும் இருக்கட்டும். அந்தப் பாலம் ஏன் கட்டப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதே இடத்தில் 12-ஆம் நூற்றாண்டில் ஜூடித் அரசியின் பெயரில் ஒரு கல்பாலம் கட்டியிருந்தார்கள். 1342-இல் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அடிக்கல் நாட்ட அடுத்து 15 வருஷம் ஆகியிருக்கிறது. பழைய பாலத்தைவிட நாலைந்து மீட்டர் உயர்த்திக் கட்டினார்கள். கட்டி முடிய 15-ஆம் நூற்றாண்டு பிறந்துவிட்டது. சார்லஸ் 1378-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பழைய பாலத்தில் இருந்து எடுத்த ஒரு தாடிக்காரனின் கல் முகம் இன்றும் கரைச் சுவரில் பதிந்திருக்கிறது. தண்ணீர் அந்த முகத்தைத் தொட்டால் ஊருக்குள் வெள்ளம் வரப்போகிறது என்று அர்த்தமாம். நம்ம ஆத்துப் பாலத்துல சிவப்புக் கோடு போட்டு அடி எழுதி வைப்போமே, அதே சமாச்சாரம்தான், இங்கே தாடி வைத்திருக்கிறது.

1841 வரைக்கும் பிராக் நகரத்தில் அந்த ஆற்றுக்கு அந்த ஒரே பாலம்தான். அதனால் நல்லது கெட்டது எல்லாமே அதன் மேல்தான் நடந்திருக்கிறது. 1621-இல் மன்னனை எதிர்த்த 27 பேரைப் பழைய நகரச் சதுக்கத்தில் கொன்று, அதில் 12 பேர் தலையைப் பாலத்துக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். பத்து வருஷம் தொங்கியது. தினமும் சந்தைக்குப் போகிறவன் அதற்குக் கீழேதான் போக வேண்டும்.

மாணவர்கள் கொஞ்சம் கவனியுங்கள், இது உங்கள் சமாச்சாரம். 1648-இல் ஸ்வீடன் படை ஆற்றின் மேற்குக் கரையைப் பிடித்துவிட்டது. பாலத்தைத் தாண்டினால் பழைய நகரம் முழுவதும் அவர்கள் கையில். அந்தப் பாலத்தைக் காத்து நின்றவர்களில் பல்கலைக்கழக மாணவர்களும் உண்டு, ஒரு யேசு சபைப் பாதிரியார் தலைமையில். ஸ்வீடன் படையால் கடைசி வரைக்கும் தாண்ட முடியவில்லை. இன்றைக்கும் கோபுரத்தின் ஒரு பக்கம் முழுக்கச் சிற்பம், ஆற்றைப் பார்த்த மறுபக்கம் மொட்டைச் சுவர். பீரங்கி அடித்து உதிர்ந்த சிற்பங்களைத் திரும்ப வைக்கவில்லை.

அந்த மாணவர்கள் படித்த பல்கலைக்கழகமும் 1348-இல் இதே சார்லஸ் ஆரம்பித்ததுதான். நம்மில் பலர் பெயர் கேட்டிருக்கும் தமிழறிஞர் கமில் சுவலபில் அங்கேதான் படித்தார். 1927-இல் பிராக்கில் பிறந்தவர். 1968-இல் சோவியத் டாங்கிகள் நுழைந்த பிறகு நாட்டை விட்டு வெளியேறினார், அப்புறம் நெதர்லாந்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தார், 2009-இல் பிரான்சில் காலமானார். சங்கப் பாட்டை மனதில் வைத்துக்கொண்டு ஒரு செக் இளைஞர் இந்தப் பாலத்தில் எத்தனை தடவை நடந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. இலக்கியம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, தோன்றியதைச் சொன்னேன்.

பாலத்தின் இரு பக்கமும் முப்பது சிலைகள். பெரும்பாலும் 1683-க்கும் 1714-க்கும் நடுவில் வைத்தவை. 1683-இல் வைத்த நெப்போமுக் அருளப்பர் சிலைதான் மூத்தது. 1393-இல் அவரை இந்தப் பாலத்தில் இருந்து ஆற்றில் தள்ளிக் கொன்றார்கள். சிலையின் கீழே வெண்கலப் பட்டயத்தைத் தொட்டால் மறுபடி பிராக் வருவோம் என்று நம்பிக்கை. கூட்டம் தேய்த்துத் தேய்த்து அது தங்கம் மாதிரி மின்னுகிறது. நாங்கள் வரிசையில் நிற்கவில்லை, விமானக் கட்டணம் தெரிந்தவர்கள்.

என் மனைவி நின்றது வேறொரு சிலை முன்னால். அவர் மணப்பாட்டுக்காரர். சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் சொல்லி, அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார் என்று கேட்டே வளர்ந்தவர். அந்தச் சவேரியார் இங்கே பாலத்தில் நிற்கிறார். பிரோகாஃப் என்ற சிற்பி 1711-இல் செய்தது. சவேரியார் மேலே சிலுவையைத் தூக்கிப் பிடித்து நிற்க, காலடியில் ஓர் அரசன் மண்டியிட்டு ஞானஸ்நானம் பெறுகிறான். அடியில் பல தேசத்து ஆட்கள் அந்தப் பாரத்தைத் தோளில் தாங்குகிறார்கள். அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் காலை வலிக்கிறதோ என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: "பாத்தியளா, சாமிய மேல நிறுத்திட்டு, சுமக்கதுக்கு நம்மாளுவள கீழ வச்சிருக்காவ." கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி திரும்பி வந்து, "ஆனா முகத்த நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றார். இந்தியாவைக் கண்ணால் பார்க்காத சிற்பி அவர். எனக்கு இதில் கருத்துச் சொல்ல யோக்யதை இல்லை, அவர் சொன்னது இரண்டையும் அப்படியே உங்களிடம் சொல்லிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது அந்தச் சிலைக்கு நேர்ந்ததை. இப்போது நிற்பது அசல் இல்லை, 1913-இல் வைத்த நகல். அசல் 1890 செப்டம்பரில் ஆற்றுக்குள் விழுந்தது. வெறும் தண்ணீராக இருந்தால் பாலம் தாங்கியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். மேலே இருந்து கட்டவிழ்ந்து வந்த மரங்களும் தெப்பங்களும் கண்களில் வந்து அடைத்துக்கொண்டன. பாலம் அணைக்கட்டாக மாறிவிட்டது. வழி கிடைக்காத தண்ணீர் அடியில் புகுந்து அஸ்திவாரத்து மண்ணை அரித்தது. இரண்டு தூண் போச்சு, மூன்று வளைவு போச்சு, இரண்டு சிலை போச்சு. 2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்துத் தூண்கள் சரிந்ததை நாமெல்லாம் டிவியில் பார்த்தோமே, அதுவும் அடியில் நடந்த அரிப்புதான். பாலத்தை மேலே போகிற லாரி சாய்ப்பதைவிட, கீழே போகிற தண்ணீர் சாய்ப்பதுதான் அதிகம். பிராக்கில் விழுந்த தூண்களை கெய்சன் இறக்கி ஆழமாக அஸ்திவாரம் போட்டுக் கட்டி, 1892-இல் திறந்தார்கள்.

2002 ஆகஸ்டில் அதைவிடப் பெரிய வெள்ளம். உச்சத்தில் வினாடிக்கு 5,160 கன மீட்டர். நம்ம கணக்கில் சுமார் 1 லட்சத்து 82 ஆயிரம் கன அடி. மெட்ரோ ரயில் நிலையங்கள் மூழ்கின. பாலம் நின்றது. எப்படி நின்றது? பாலத்து மேலேயே இயந்திரங்களைக் கொண்டுபோய் நிறுத்தி, தூண்களில் வந்து சேர்ந்த மரத்தையும் குப்பையையும் ஓயாமல் தூக்கிக்கொண்டே இருந்தார்கள். இந்த இடத்தில் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். 1890-இல் இதே மாதிரி வெள்ளத்தில் மூன்று கண் விழுந்த பாலம். அடியில் அரிப்பு எவ்வளவு என்று அந்த நேரத்தில் பார்க்க வழியில்லை. அதன் மேல் பாரமான இயந்திரத்தை ஏற்று என்று ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டும், ஒருத்தர் ஏறி உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ஏற்றினால் பாரம், ஏற்றாவிட்டால் அடைப்பு. சிலைகளுக்குக் கீழே சிற்பி பெயர் இருக்கிறது. இவர்கள் பெயரை நான் அங்கே எந்தக் கல்லிலும் பார்க்கவில்லை. வெள்ளம் வடிந்தபின் சில வருஷங்களில் இரண்டு தூண்களின் அடியைப் பலப்படுத்தினார்கள்.

மேலிருந்து வரும் தண்ணீர் இன்னொரு எதிரி. மழையும், பனிக்குப் போடுகிற உப்பும் இறங்கி உள்ளே இருக்கிற நிரப்புக் கல்லை நனைத்துக் கெடுக்கும். 1965-இல் தொடங்கிய பெரிய மராமத்தில் தளத்துக்குக் கீழே கான்கிரீட் பலகை போட்டார்கள், வண்டிப் போக்குவரத்தையும் நிறுத்தினார்கள். முன்பு அதில் டிராமே ஓடியிருக்கிறது. 1905-இல் மின்சார டிராம் விட்டபோது, சிலைகளுக்கு மேலே கம்பி தெரியக் கூடாது என்று தண்டவாளத்துக்கு நடுவில் தரையில் இருந்தே மின்சாரம் எடுத்தார் கிரிஷிக் என்ற பொறியாளர். மின்துறை நண்பர்கள் குறித்துக்கொள்ளவும். அது மூன்று வருஷம்தான் ஓடியது.

2007-இல் இருந்து 2010 வரை அடுத்த மராமத்து. நீர்க்கசிவுத் தடுப்பு புதிதாகப் போட்டார்கள், கைப்பிடிச் சுவரைப் பிரித்து அடுக்கினார்கள். அதில்தான் பெரிய சண்டை. பழைய கல்லைக் காப்பாற்றாமல் தேவைக்கு மேல் புதுக்கல் வைத்துவிட்டார்கள், இயந்திரத்தில் அறுத்த கல் பல்லிளிக்கிறது என்று பாரம்பரிய நிபுணர்கள் எதிர்த்தார்கள், யுனெஸ்கோ வரை போனது. நான் அந்தச் சுவரை விரலால் தடவிக்கொண்டே நடந்தேன். கறுத்த கல் பக்கத்தில் வெளிறிய கல், வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

என் அபிப்பிராயம் கேட்டால், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நழுவ மாட்டேன். உள்ளே தண்ணீர் போகாமல் தடுத்தது சரி, அதைத் தள்ளிப் போட்டிருந்தால் குற்றம். ஆனால் கைப்பிடிச் சுவர்க் கல் பாரம் தாங்குகிற கல் இல்லை. அதில் கொஞ்சம் மூளி இருந்தால் பாலம் விழாது. கல்தச்சன் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்து, இது இருக்கலாம், இது போகலாம் என்று சொல்ல நாள் ஆகும். ஒப்பந்தத்தில் அந்த நாளுக்கு இடம் இருக்காது. அறுத்து வந்த கல்லை வைத்தால் வேலை ஓடும், பில் பாஸ் ஆகும். இது எந்த நாட்டு வியாதி என்று நான் சொல்லப் போவதில்லை, முன்வரிசையில் சிரிக்கிறவர்களுக்குத் தெரியும்.

படங்கள் நாற்பதுக்கு மேல் எடுத்தேன். சிவில் துறை நூலகத்தில் கொடுத்திருக்கிறேன். முக்கால்வாசியில் சிலை இருக்காது, என் மனைவியும் இருக்க மாட்டார், அவருக்கு அதில் வருத்தம் உண்டு. மேற்பக்கம் தூண்களுக்கு முன்னால் தண்ணீரில் சாய்வாக நிற்கிற மரக்கட்டைச் சட்டங்கள் சில படங்களில் இருக்கும். பனிக்கட்டியும் மிதந்து வருகிற மரமும் தூணில் மோதாமல் இருக்க அவை நிற்கின்றன. மரம் உளுத்துப் போகும், மாற்றுவார்கள், திரும்ப உளுத்துப் போகும், திரும்ப மாற்றுவார்கள். மூன்றாம் வருட மாணவர்கள் அந்தப் படங்களை முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சாப்பாட்டுக்கு அப்புறம் வேப்பமரத்தடியில்தான் இருப்பேன்.