எத்தனை மணிக்குச் சாப்பிடுவது?



2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே மலேசியாவுக்கு வரலாம் என்றானது. அதிலிருந்து நம் வீடுகளில் சென்னைச் சித்தப்பாவும் திருச்சி அத்தையும் வந்து தங்கிப் போவது சாதாரணமாகிவிட்டது. வந்தவர்களைப் பத்துமலைக்குக் கூட்டிப் போகிறோம், இரட்டைக் கோபுரத்தின் முன் நிறுத்திப் படம் எடுக்கிறோம், பிறகு பிரிக்பீல்ட்ஸ் போய் இட்லி வாங்கித் தருகிறோம். ஊரில் தெருவுக்குத் தெரு கிடைக்கிற இட்லியைத் தின்ன நாலு மணி நேரம் பறந்து வர வேண்டுமா? யாரும் கேட்பதில்லை. "இந்த ஊர்ச் சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்குமா?" என்ற பயம் அத்தைக்கு. அதைவிடப் பெரிய பயம் நமக்கு.

எனக்குத் தெரிந்து இந்தப் பயத்துக்கு நல்ல மருந்து கைக்கடிகாரம்தான். ஒவ்வொரு உணவையும் இந்த ஊர்க்காரர்கள் எந்த நேரத்தில் சாப்பிடுகிறார்களோ அந்த நேரத்தில் சாப்பிட்டால் ருசியும் இருக்கும், வயிறும் பிழைக்கும்.

நாசி லெமாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பாலும் பாண்டான் இலையும் சேர்த்து விடியுமுன் வேகவைத்த சோறு. மேலே சம்பால், நெத்திலி, நிலக்கடலை, வெள்ளரித் துண்டு, பாதி முட்டை. காலை ஏழு மணிக்கு ஒட்டுக்கடையில் பொட்டலத்தைப் பிரித்தால் ஆவி வரும். அதே பொட்டலம் மாலை மூன்று மணிக்கும் அங்கேயே கிடந்தால் தொடாதீர்கள். அரிசியோடு வரும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. சோறு ஆறி நம் ஊர் வெக்கையில் மணிக்கணக்கில் இருந்தால் அவை முளைத்து நஞ்சு சுரக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு முறியாது. தேங்காய்ப் பாலும் சீக்கிரம் கெடும். சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேல் சூடாக வை, இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிராக வை என்று சொல்வது இதனால்தான்.

நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் எல்லாம் சேர்ந்த நம் காலையுணவுப் பழக்கத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறியது காலையுணவு. அத்தையை நாம் எழுப்புவது ஒன்பது மணிக்கு!

கிள்ளானுக்கு வருவோம். அங்கே பாக் குட் தே என்ற பன்றி எலும்புச் சூப். பூண்டு, பட்டை, அன்னாசிப்பூ, சீன மூலிகைகள் போட்டு நெடுநேரம் கொதித்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஹொக்கியன் தொழிலாளர்கள் வேலைக்குப் போகுமுன் குடித்துத் தெம்பேற்றிக்கொண்டது என்பார்கள். 2024இல் அரசு அதைத் தேசிய மரபு உணவாக அறிவித்தபோது, பன்றியிறைச்சி என்பதால் எழுந்த வாக்குவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். முஸ்லிம்களுக்கும் சைவர்களுக்கும் அது ஆகாது, சரி. சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கிள்ளான்காரர்கள் அதை விடியற்காலையில் சாப்பிடுகிறார்கள். பழைய கடைகளில் பல மதியத்துக்குள் கதவைச் சாத்திவிடும். சட்டி கொதித்தபடியே மேசைக்கு வருகிற உணவில் கிருமிக்கு எங்கே இடம்?

இந்தக் கணக்கு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. தென் எகிப்தில் அஸ்வான், லக்சர் பக்கம் கோயில் பார்க்கப் போகிறவர்களும் இதே பயத்தோடு ஓட்டல் ரொட்டியையும் ஜாமையும் தின்றுவிட்டு வருகிறார்கள். அங்கே ஏழையும் பணக்காரனும் காலையில் சாப்பிடுவது ஃபூல். உலர்ந்த பெரிய அவரைக் கொட்டையை ஒடுங்கிய கழுத்துள்ள பானையில் இரவெல்லாம் சிறு தீயில் வேகவிட்டு, விடிந்ததும் எண்ணெய், சீரகம், எலுமிச்சை சேர்த்து ரொட்டியோடு தருவார்கள். இரவு முழுக்க அடுப்பிலேயே இருந்த பண்டம் அது. ஜொகூரில் முட்டையும் தடித்த ரொட்டியும் வைத்துத் தருகிற காச்சாங் பூல் அதன் வாரிசுதான். 

மதியத்துக்குப் பிரிக்பீல்ட்ஸ். 2010 அக்டோபரில் அன்றைய பிரதமர்கள் மன்மோகன் சிங்கும் நஜீப்பும் திறந்துவைத்த லிட்டில் இந்தியாவின் வளைவுகளும் வண்ணங்களும் படம் எடுக்க நன்றாகத்தான் இருக்கின்றன. சாப்பாட்டுக்கு அந்தப் பெரிய சாலையைவிடச் சந்துகள் மேல் என்பது என் கட்சி. வாழை இலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணிக்குப் போய்விடுங்கள். அலுவலகக் கூட்டம் மொய்க்கிற நேரம், உட்கார இடம் கிடைக்காது, வெயில் வேறு. இருந்தாலும் அப்போதுதான் மீன் பொரியல் சட்டியிலிருந்து நேராக இலைக்கு வரும். நாலு மணிக்குப் போனால் இடம் தாராளம். தட்டில் காத்துக் கிடக்கும் கோழிப் பிரட்டலும் தாராளம். நாலு மணி பீசாங் கோரேங்குக்கு உரியது. கொதிக்கிற எண்ணெயிலிருந்து வாழைப்பழம் எடுக்க எடுக்க வரிசை கரையும்.

இரவு எத்தனை மணியானாலும் மாமாக் கடை இருக்கிறது. கண் முன்னால் வீசிப் போடுகிற ரொட்டி, கல்லில் கிளறுகிற மீ கோரேங். ஆர்டர் கொடுக்க மலாய்க்காரரும் சீனரும்கூட "ஆனே" என்றுதான் கூப்பிடுவார்கள், நம் "அண்ணே"தான் அது. ஊர் விருந்தாளிக்கு அதைக் கேட்டாலே பாதி வயிறு நிறைந்துவிடும்.

சைவர்களுக்கு வேறு எச்சரிக்கை. சம்பாலிலும் கங்கோங் கீரைப் பிரட்டலிலும் பெலாச்சான் இருக்கும், அது இறால் விழுது. "நெத்திலி வேண்டாம்" என்றால் பொறுக்கி எடுத்துவிட்டு அதே சம்பாலைத் தருவார்கள். பெலாச்சான் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ரெண்டாங்கைக் கண்டால் ஆடா, கோழியா, மாடா என்று கேட்டுவிடுவது நல்லது. சீன சைவக் கடைகள் பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. ஆனால் சோயாவில் செய்த "இறைச்சி" அசல் போலவே இருக்கும், அத்தையிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

உணவைக் கையாளுகிறவர்கள் பயிற்சி பெற்று, டைபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகள் சொல்கின்றன. கடைச் சுவரில் ஊராட்சி மன்றம் ஒட்டிய ஏ, பி, சி தரச் சீட்டையும் பாருங்கள். அப்படியும் வயிறு கலங்கினால் மருந்துக்கடையில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்கும். காய்ச்சலோ இரத்தமோ கண்டால் தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.

அடுத்த முறை ஊரிலிருந்து யாராவது வந்தால், ஒரே ஒரு நாள் ஏழு மணிக்கு எழுப்பி ஒட்டுக்கடைக்கு அழைத்துப் போங்கள். நல்ல கடையில் பத்து மணிக்கு மேல் பொட்டலம் மிஞ்சாது.