பழைய வழக்கத்தின் வயது



நாட்டார் திகில் என வழங்கும் கதைவகையில் பேயினும் அஞ்சத்தக்கது ஊர்க்கட்டுப்பாடே. ராபின் ஹார்டி இயக்கி 1973இல் வெளிவந்த ‘தி விக்கர் மேன்’ என்னும் பிரித்தானியத் திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். காணாமற்போன சிறுமியைத் தேடி ஸ்காட்லாந்துத் தீவொன்றுக்கு வருகிறார் ஹோவி என்னும் காவல் அதிகாரி. ஆப்பிள் விளைச்சல் பொய்த்தமையால், ஊரார் அவரைக் கொம்புகளால் முடைந்த மாபெரும் மனித உருவினுள் அடைத்து, பாடிக்கொண்டே எரிக்கின்றனர். சிறுமி, அவரை வரவழைக்க வைத்த தூண்டிற்புழு.

தொல்பழஞ் சமயத்தின் கொடுமை இது என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. தீவுக்கு உடையவரான பிரபுவே (கிறிஸ்டோபர் லீ ஏற்ற வேடம்) உண்மையைக் கூறிவிடுகிறார். 1868இல் அவருடைய பாட்டனார் தீவை விலைக்கு வாங்கினார். புதுவகை ஆப்பிளைப் பயிரிட்டார். சோர்ந்து கிடந்த மக்களை எழுப்பி உழைக்கச் செய்வதற்காகப் பழைய தெய்வங்களை அவர்களுக்கு மீட்டளித்தார். தொன்றுதொட்டது போல் தோன்றும் அவ்வழக்கத்தின் வயது நூற்றுச் சொச்சம் ஆண்டுகளே! பண்ணைக் கணக்கோடு பிறந்த பக்தி அது. இவ்வவைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

எரியூட்டுமுன் ஹோவி ஊராரை எச்சரிக்கிறார்: மீண்டும் விளைச்சல் பொய்த்தால், அடுத்த ஆண்டு பலியாக வேண்டியவர் பிரபுவே. பொய்க்காது என்று உரக்க மறுக்கிறார் பிரபு. அக்குரலில்தான் முதன்முறையாக அச்சம் ஒலிக்கிறது.