கப்பல்காரர்களுக்கு வந்த நோயும் நமது கூரைத் தகடும்

(தோட்டச் சமூக நிலையத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் பேசிய உரை)



இன்று நாம் பேசப்போவது அமெரிக்கக் கடற்படையில் வேலை செய்தவர்களைப் பற்றி. "அவங்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் நம் லயத்துக் கூரைக்குத்தான் வந்து சேருவோம்.

இரண்டாம் உலக யுத்த காலத்திலிருந்து 1970கள் வரை கட்டிய போர்க்கப்பல்களில் அஸ்பெஸ்டஸ் ஏராளமாகப் பாவிக்கப்பட்டது. அது நிலத்திலிருந்து தோண்டி எடுக்கும் ஒரு கல். பஞ்சு போல நாராகப் பிரியும், நெருப்பில் எரியாது. அதனால் பொயிலரிலும் நீராவிக் குழாய்களிலும் சூடு வெளியேறாதபடி அதைச் சுற்றினார்கள். எஞ்சின் அறைக்காரர்கள் அதைப் பிய்த்துத் திருத்தி மறுபடி சுற்றினார்கள். மாலுமிகள் படுக்கும் இடத்துக்கு மேலேயும் அந்தக் குழாய்கள் போயின.

அன்றைக்கு அவர்களுக்கு ஒரு நோவும் தெரியவில்லை. இந்தத் தூசியின் சூதே அதுதான். கண்ணுக்குத் தெரியாத நார் மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தங்கிவிடும். பல வருஷம் கழித்து நுரையீரல் தழும்பேறி இறுகும், மேடு ஏறினால் மூச்சு வாங்கும். சிலருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும். சிலருக்கு நுரையீரலை மூடியுள்ள மெல்லிய சவ்வில் மீசோதெலியோமா என்னும் புற்றுநோய், 20 முதல் 50 வருஷம் கழித்துக்கூட வரும். அமெரிக்கக் கடற்படைக்கே தலைவராக இருந்த அட்மிரல் எல்மோ சும்வால்ட் 2000ஆம் ஆண்டு ஜனவரியில் இந்த நோயால்தான் இறந்தார். கப்பல் கட்டும் தளங்களில் வேலை செய்தவர்களின் உடுப்பைத் துவைத்த மனைவிமாருக்கும் நோய் வந்தது.

நஷ்டஈடு கேட்கும் பழைய படையினர், சேவைக் காலத்தில்தான் இந்தத் தூசி பட்டது என்று காட்ட வேண்டும். 40 வருஷத்துக்கு முந்திய வேலைக்கு அத்தாட்சி தேடுவது லேசா?

இனி நம் கதை. நமது லயங்கள் பலவற்றிலும் அஸ்பெஸ்டஸ் தகடுதான் கூரை. அதற்கான மூலப்பொருள் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்தது. 2018 ஜனவரி முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசு முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில், சரக்கில் வண்டு இருந்ததென்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களில் அரசு அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது, தேயிலைத் தடையும் நீங்கியது. நாம் பறித்த கொழுந்தும் நம் தலைக்கு மேலுள்ள தகடும் இப்படி ஒரே கணக்கில் வந்து நின்றன.

பயந்துபோய்த் தகட்டைக் கழற்ற வேண்டாம். உடையாமல், உதிராமல் இருக்கும் தகட்டிலிருந்து தூசி அதிகம் வராது. அறுப்பது, துளைப்பது, உடைப்பது, பாசியைக் காய்ந்தபடி சுரண்டுவது, இவைதான் தூசியைக் கிளப்பும். தகடு மாற்றும் வேலையைப் பாதுகாப்பு முறை தெரிந்தவர்களைக் கொண்டு செய்யும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். உடைந்து விழுந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து எடுங்கள். காய்ந்த விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். முகத்தில் கட்டும் துணி இந்த நாரைத் தடுக்காது.

பீடி, சுருட்டு குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தூசியோடு புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகும்.

தகடு வேலை செய்தவர்கள் எந்த வருஷம், எந்தத் தோட்டம், என்ன வேலை என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். மூச்சு வாங்கினாலோ இருமல் விடாவிட்டாலோ அதை டாக்டரிடம் காட்டுங்கள். நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.