எத்தனால் பெட்ரோலும் சிவகாசி லோடு வண்டியும்

இந்தியப் பங்க்குகளில் 2023 பிப்ரவரியில் அறிமுகமான 20 சதவீத எத்தனால் பெட்ரோல், இன்று நாடெங்கும் சாதாரண பெட்ரோலாகிவிட்டது. சிவகாசியில் தீப்பெட்டி பண்டல் ஏற்றும் டீசல் வண்டிகளுக்கு இதனால் பாதிப்பில்லை. பெட்ரோல் வண்டிகளுக்கு உண்டு. எத்தனாலின் எரிசக்தி, லிட்டருக்கு லிட்டர், பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்றது நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் ஓய்ந்திருக்கும் மழைநாட்களில், பாதி டேங்க்கோடு வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்குத்தான் தொல்லை அதிகம். நீர் கூடிவிட்டால் எத்தனாலும் நீருமாகப் பிரிந்து டேங்க் அடியில் தங்கும்; பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். பழைய ரப்பர் குழாய்களும் தளர்ந்து கசியும். அத்தகைய வண்டி வைத்திருப்போர் மழைக்கு முன்பே குழாய்களை மெக்கானிக்கிடம் காட்டி, டேங்க்கை நிரப்பி நிறுத்துவது நல்லது.