கொம்பும் புல்லும் நாணும்



1953-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் பத்து நிமிடக் கார்ட்டூன் படம் ஒன்றை வெளியிட்டனர். ‘டூட், விஸில், பிளங்க் அண்டு பூம்’ என்பது அதன் பெயர். வார்டு கிம்பால், சார்லஸ் நிக்கல்ஸ் ஆகிய இருவரும் இயக்கிய அப்படம், 1954-இல் ஆஸ்கார் பரிசு பெற்றது.

ஆந்தை ஆசிரியர் ஒருவர் பறவைப் பிள்ளைகளுக்கு இசைப்பாடம் நடத்துகிறார். குகை மனிதர் நால்வர் தோன்றுகின்றனர். ஒருவன் மாட்டுக் கொம்பை ஊதுகிறான். ஒருவன் புல்லிதழை ஊதுகிறான். ஒருவன் வில்லின் நாணைச் சுண்டுகிறான். மற்றொருவன் தன் வயிற்றையே தட்டுகிறான். இது வரலாறன்று, கற்பனையே. எனினும் அது விளக்கும் தத்துவம் உண்மையானது. குழல் நீண்டால் சுரம் தாழும். அக்குழலையே சுருட்டி வளைத்தாலும் சுரம் பெரிதும் மாறாது. குழலில் துளையிட்டு, அவற்றை மூடித் திறந்தால் பல சுரங்கள் பிறக்கும். நாணோடு குடைவான பெட்டியைப் பொருத்தினால் ஒலி ஓங்கும்.

நகைச்சுவை கலந்து கற்பித்தால் பாடத்தின் கண்ணியம் குன்றும் என்பார் உளர். யான் அதற்கு உடன்படேன். கருவிகளின் பெயர்களை மட்டும் மனனம் செய்தவன் தேர்வு முடிந்ததும் மறப்பான்; காரணம் அறிந்து சிரித்தவனோ புதிய கருவியையும் இனங்காண்பான்.

ஆகவே, இனி ஓர் இசைக்கருவியைக் காணுந்தோறும் வினவுங்கள்: இதனுள் அதிர்வது காற்றா, நாணா, தோலா? அவ்வினாவே இசையறிவின் முதற்படி.